துபாயில் பொன் வாங்குவோர்க்கு

மகள் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் துபாய் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கே பொன் மலிவு என்பர். மலிவு எதில் என்று அறிந்து செல்வது நலம்.

தேய்ராப் பகுதியின் தங்கக் கடைவீதியில் அன்றைய கிராம் விலையை எழுதி வைத்திருப்பார்கள். அது கடைக்குக் கடை பெரிதும் மாறுவதில்லை. பேரத்துக்கு இடமுள்ளது செய்கூலியில்தான். ஆதலால் நான்கு கடை ஏறி இறங்கிய பின்னரே விலை முடித்தல் வேண்டும். எடை, தரம், செய்கூலி மூன்றும் ரசீதில் தனித்தனியே இருத்தல் அவசியம்.

2018 முதல் அங்கே நகைக்கு 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சுற்றுலாப் பயணிகள், வரி திருப்பும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 250 திர்ஹாமுக்குக் குறையாமல் வாங்கி, அப்பொழுதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பும் நாளில், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன் அதற்குரிய இடத்தில் சரிபார்த்துக்கொண்டால், வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

யாவற்றினும் முக்கியமானது நம் நாட்டுச் சுங்கம். பெண்கள் 40 கிராம் நகை வரியின்றிக் கொணரலாம் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அச்சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோர்க்கே உரியது; நான்கு நாள் சுற்றிப் பார்த்து வருவோர்க்கு அன்று. இங்கிருந்து அணிந்து செல்லும் நகைக்கும் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் சான்று பெறுதல் நன்று. இன்றேல் திரும்புகையில் அது புதிதன்று என மெய்ப்பிப்பது அரிது.

ஆகவே சுங்கவரியையும் கூட்டிப் பார்த்து, பின்னும் மிச்சம் உண்டாயின் வாங்குக. வாங்கியதைச் சிவப்பு வழியில் சென்று தெரிவித்துவிடுக. மறைத்துக் கொணர்ந்து பிடிபட்டால் அபராதத்தோடு நகையும் பறிபோகும். திருமணப் பணத்தை அவ்வாறு பணயம் வைத்தல் தகாது.