எண்ணிக்கை சொன்ன மாமியார்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எனக்குத் தெரிந்த மருமகள் ஒருத்தி. மலைக்கோட்டையின் நானூறு சொச்சம் படிகளையும் ஒரே மூச்சில் ஏறி உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்தவள். போன சித்திரை வெயிலில் அம்மா மண்டபத்துப் படித்துறையிலேயே கால் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாம் சோம்பல்!” என்றார் மாமியார். திருச்சி டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு வேறு பெயர் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ்.

அது என்ன என்கிறீர்களா? மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அந்த உறையை உடம்பின் காவல் படையே தவறுதலாக அரித்துவிடுகிறது. பிறகு கால் சொன்னபடி கேட்குமா? ஆண்களைவிடப் பெண்களுக்கே இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். உடம்பு சூடேறினால் தொல்லை கூடும். உடம்பை வருத்தி உழைத்த பிறகு இந்த நோயாளிகளுக்குப் பார்வை சற்று நேரம் மங்குவதை 1890-லேயே ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் கவனித்து எழுதினார். திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

முன்பெல்லாம் இந்த நோயாளிகளை அலட்டிக்கொள்ளாதே என்று உட்கார வைத்தார்கள். இன்று, அளவான தேகப்பயிற்சி அவசியம் என்கிறார்கள். ஆனால் பெரிய எடையைத் தூக்க முடியாதவர்கள்?

ஜப்பானில் யோஷியாக்கி ஸாட்டோ என்ற இளைஞருக்கு 1966-ல், பௌத்தச் சடங்கு ஒன்றில் நெடுநேரம் மண்டியிட்டிருந்ததில் கால் மரத்துப் போயிற்று. ‘பயிற்சி செய்த கால் மாதிரியே விறுவிறுக்கிறதே!’ என்று யோசித்தார். அதிலிருந்து ஒரு முறை பிறந்தது. தொடையின் மேற்பகுதியில் காற்றடைத்த பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை ஓரளவு குறைக்கிறார்கள். ஒருவரால் தூக்கக்கூடிய எடையில் 20 முதல் 30 சதவிகிதம் வைத்தாலே போதும். முதலில் 30 தடவை. சற்று இளைப்பாறி, மூன்று முறை பதினைந்து பதினைந்து தடவை. பிராணவாயு குறைவதால் தசை சீக்கிரம் களைத்து, பெரும் பாரம் சுமந்ததுபோல் வலுவடைகிறது. இந்த நோய்க்காரர்களிடம் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை தெரிகிறது, தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

சகோதரிகளே, ஒரு வார்த்தை. துணியையோ ரப்பர் குழாயையோ வீட்டில் கட்டிப் பார்த்துவிடாதீர்கள்! இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கருவி வைத்து அளக்க வேண்டும். மரத்த காலுக்கு அதிக இறுக்கம் தெரியவும் தெரியாது. ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு அடங்காதவர்கள், கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது. டாக்டரும் பிஸியோதெரபிஸ்டும் சம்மதித்தால், அவர்கள் கண்ணெதிரில்தான்.

நம் மருமகளுக்குப் பட்டை இன்னும் வரவில்லை. வெயில் ஏறுமுன், மின்விசிறியடியில், நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருகிறாள். அது அவளுடைய பிஸியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது. பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்பவர் யார் தெரியுமா? சோம்பல் என்று சொன்னாரே, அந்த மாமியார்தான்!