கோட்டைக்குள் ஒரு வீடு



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். எழுதியவர் கொழும்புக்கு அண்மையில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு சகோதரி. கணவர் நீண்ட காலம் மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியிருக்கிறார். சென்ற விடுமுறையில் பிள்ளைகளோடு காலிக் கோட்டைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு சிறிய ஒழுங்கையில் விற்பனைக்கு வந்த பழைய முஸ்லிம் வீடொன்றைக் கண்டு மனதைப் பறிகொடுத்துவிட்டார். அகன்ற விறாந்தை, மரத் தூண்கள், நடுமுற்றத்தில் கிணறு, கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசலின் பாங்கோசை. “எங்கள் மீதி வாழ்க்கை இங்கேதான் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்” என்று எழுதுகிறார்.

வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டார். வயதான உம்மாவும் இளைய மகளும் அங்கே இருக்கிறார்கள். மூத்த மகள் மணமுடித்து வேறு ஊரில். விலை பேசியவர்கள் வெளியூரில் இருக்கும் மூன்று ஆண்மக்கள். கடிதத்தின் கடைசிப் பகுதியில் சகோதரி இப்படிச் சொல்கிறார்: “இளைய மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வீட்டை அவருக்கே தருவதாக வாப்பா சொல்லியிருந்தாராம் என்று அயல்வீட்டார் சொன்னார்கள். நாங்கள் வாங்கலாமா?”

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

காலிக் கோட்டையை விரும்பியதில் பிழையில்லை. நமது உறவு அந்த ஊரோடு கோட்டை மதிலைவிடப் பழையது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா காலியைக் கடந்து சென்றபோது, இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம் வீட்டில் விருந்தளித்ததாகக் குறித்து வைத்தார். போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது அதற்குப் பின்னர்தான். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பெருப்பித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தர் காலத்திலேயே சோனக வியாபாரிகளின் பெயரில் ஒரு வீதி கோட்டைக்குள் இருந்தது. வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி ஆகிய இரண்டும் நம்மவர் அங்கே குடியும் குடித்தனமுமாக வாழ்ந்ததற்குச் சாட்சிகள்.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2000க்குப் பின் வெளிநாட்டவரும் வசதிபடைத்தவர்களும் வீடுகளை வாங்கத் தொடங்க, விலை ஏறியது. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு 2004இல் நூறு வீத வரியும், பின்னர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் பொதுவான தடையும் வந்தன. அதற்குள் பல வீடுகள் கைமாறி ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டன. எனவே ஒரு முஸ்லிம் குடும்பம் குடியிருப்பதற்காகவே அங்கே வீடு தேடுவது நல்ல செய்திதான். அயலில் மனிதர் இல்லாவிட்டால் மதில் மட்டும் ஊராகாது.

ஆனால் விடுமுறைக்குப் போய் ரசிப்பதும் வருடம் முழுவதும் வாழ்வதும் வேறு வேறு. பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றின்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் வேண்டும். கடற்காற்று யன்னல் கம்பிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் துருப்பிடிக்க வைக்கும். ஓட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் கூரை மரத்தின் நிலை தெரியும். மழை காலத்தில் ஒரு தடவை போய்ச் சுவர்களைத் தடவிப் பாருங்கள்.

அத்தோடு, அங்கே நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. தொல்பொருள் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, 1994ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காலி மரபுரிமை மன்றம், மாநகர சபை என்பவற்றின் விதிகளைப் பார்க்க வேண்டும். மேல்மாடி எழுப்பவோ முகப்பை மாற்றவோ எண்ணினால், முற்பணம் கொடுக்கு முன்னரே அது சாத்தியமா என்று விசாரியுங்கள். இதுவரை செய்த மாற்றங்களுக்கு அனுமதி இருந்ததா என்றும் கேளுங்கள்.

வீட்டு விலையோடு செலவு முடிவதில்லை. உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய பெறுமதிக்கு 4 வீதமும் ஆகும். சட்டத்தரணியின் கட்டணம் வேறு. திருத்த வேலைக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பணம் போதாவிட்டால் வட்டிக் கடனில் விழாதீர்கள். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இஸ்லாமிய முறையில் வீடு வாங்க வழி ஏற்பட்டது. வங்கியும் நீங்களும் பங்காளிகளாக வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறுகச் சிறுக வாங்கித் தீர்க்கும் முறை அதில் ஒன்று.

இனி உறுதிக்கு வருவோம். காலி காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைச் சட்டத்தரணி ஒருவர் மூலம் பார்க்க வேண்டும். அவர் விற்பவருடைய ஆளாக இருக்கக்கூடாது.

வாப்பா வாயால் “மகளுக்குத் தருகிறேன்” என்றது சட்டத்தில் நிற்காது. நொத்தாரிசு முன் எழுதியிருக்க வேண்டும். ஒருவேளை அவர் நன்கொடை உறுதி எழுதிப் பதிந்திருந்தால், வீடு அந்த மகளுடையது. ஆண்மக்கள் பேசிய விலைக்குப் பெறுமதியில்லை. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமில்லா வாரிசுரிமைச் சட்டப்படி, “மீளப்பெற முடியாதது” என்று உறுதியிலேயே எழுதப்படாத நன்கொடையை மீளப்பெற முடியாததாகக் கொள்ள மாட்டார்கள். ஆகவே பின்னர் இரத்து உறுதி எழுதப்பட்டதா என்பதையும் பாருங்கள். மகளுக்கு வீடு எழுதும் பெற்றோரும் இச்சொல்லைக் கவனிக்க வேண்டும்.

எந்த உறுதியும் எழுதப்படவில்லையென்றால் வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரியது. வாப்பாவின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின், அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில், கணக்கு இதுதான். வீட்டை 64 பங்காக்குங்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 8 பங்கு. ஒவ்வொரு மகனுக்கும் 14, மூவருக்கும் 42. ஒவ்வொரு மகளுக்கும் 7, இருவருக்கும் 14. மூன்று ஆண்மக்களும் சேர்ந்தாலும் 42 பங்கைத்தான் விற்க முடியும். மீதி 22 பங்கு மூன்று பெண்களுடையது. அவர்கள் ஒப்பமிடாமல் நீங்கள் வாங்கினால், அந்த உம்மாவோடும் மகள்மாரோடும் பங்காளியாகி, கடைசியில் பிரிவினை வழக்கில் போய் நிற்பீர்கள்.

சட்டம் அத்தோடு நின்றுவிடும். நமக்கோ அதற்கப்பாலும் கேள்வி இருக்கிறது. ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் பெண்ணின் பங்கை நிர்ணயித்துக் கடமையாக்கியிருக்கிறான். அது நாநாமார் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? “கடதாசி வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ ஒப்பத்தை மட்டும் வை” என்பார்கள். உடன்பிறப்பின் முகம் கோணக்கூடாதே என்று அவளும் வைத்துவிடுவாள். அப்படி வெட்கத்தால் வாங்கிய ஒப்பம் மனப்பூர்வமான சம்மதமாகுமா?

கடிதம் எழுதிய சகோதரியே, மீண்டும் ஒரு தடவை காலிக்குப் போங்கள். ஆண்கள் வெளியே இருக்கட்டும். நீங்கள் உள்ளே போய் அந்த உம்மாவுடனும் மகளுடனும் அமருங்கள். “விற்க உங்களுக்கு விருப்பமா? பணத்தில் உங்கள் பங்கு உங்கள் கைக்கு வருமா? இதற்குப் பின் எங்கே இருப்பீர்கள்?” என்று கேளுங்கள். மூத்த மகளிடமும் பேசுங்கள். மார்க்கச் சட்டத்தில் ஷுஃப்ஆ என்று ஒன்று உண்டு. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது, அதே விலைக்கு அதை எடுத்துக்கொள்ள மற்றப் பங்காளிக்கு முன்னுரிமை இருக்கிறது. அந்த மகளுக்கு அப்படியொரு வாய்ப்பைச் சகோதரர்கள் கொடுத்தார்களா என்றும் விசாரியுங்கள்.

அவர்கள் மனமொப்பி, தத்தம் பெயரிலேயே பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒப்பமிட்டால், பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். அந்த விறாந்தையில் உங்கள் பேரப்பிள்ளைகள் விளையாடட்டும். இல்லையென்றால், எவ்வளவு அழகாயிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொருத்தியின் கண்ணீர் விழுந்த வீட்டில் நாம் எப்படி நிம்மதியாகத் தொழுவது?

அந்தக் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கும் சகோதரிகள் காலியில் மட்டும் இல்லை. இதை வாசிப்போரிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாசிக்காத கடதாசியில் ஒப்பமிடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். உங்கள் பங்கைக் கேட்பது சண்டையல்ல. விரும்பினால் பின்னர் சகோதரருக்கு அன்பளிப்புச் செய்யுங்கள், ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்த பின் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத்தை நல்குவானாக.

வஸ்ஸலாம்.