மரபணு: தலையெழுத்துக்குப் புதுப்பெயரா?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இப்போது அதற்கே அறிவியல் முலாம் பூசுகிறார்கள். கவனம் சிதறும் மாணவனைப் பார்த்து, "அது அவன் ஜீன்லயே இருக்கு, யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் இரட்டையர் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வுகள் உண்மையில் அப்படியா சொல்கின்றன?

2008-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நவோமி ஃப்ரீட்மன், அகிரா மியாகே குழுவினர் பதின்வயது இரட்டையர்களின் மனக்கட்டுப்பாட்டைச் சோதித்தார்கள். இவ்வகைச் சோதனைகளில் பிரபலமானது 1935-ல் ஸ்ட்ரூப் வெளியிட்டது. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்ட சொல்லை விழுங்குவதுதான் சோதனையே!

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கருக்களில் பிறந்தவர்களுக்கு, மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது. முதல் வகை ஜோடிகளின் மதிப்பெண்கள் கூடுதலாக ஒத்துப்போனால், அதை மரபணுவின் கணக்கில் எழுதுவார்கள். இப்படிப் பார்த்ததில், சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டுக்கு 99 சதவீதம் மரபணுவே காரணம் என்று வந்தது. (தனித்தனிச் சோதனைகளில் இந்தப் பங்கு மிகவும் குறைவு. அதை யாரும் சொல்வதில்லை.) 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, நினைவாற்றல் வேலையின்போது இரட்டையர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. அங்கே பல பகுதிகளில் கிடைத்தது 40 முதல் 65 சதவீதம்.

இந்த எண்களைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் 'ஆளுக்கு ஆள் வேறுபாடு' என்பதுதான் இங்கே உயிர்நாடி. ஒருவனுடைய மனக்கட்டுப்பாட்டில் 99 பங்கு மரபணு, 1 பங்கு முயற்சி என்று இதற்குப் பொருள் கிடையாது. மனிதனுக்கு இரண்டு கால் இருப்பது மரபணுவின் வேலை. ஆனால் ஒருவருக்கு ஒரு கால் இல்லை என்றால் பெரும்பாலும் விபத்தோ நோயோதான் காரணம். ஆக, கால்களின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம்!

மரபின் பங்கு அதிகம் என்றால் மாற்றவே முடியாது என்பதும் தவறு. உயர வேறுபாட்டில் அந்தப் பங்கு சுமார் 80 சதவீதம். ஆனாலும் தென் கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக சுமார் 20 செ.மீ. உயரம். நூறு வருடத்தில் மரபணுக்களா மாறிவிட்டன? மாறியது சோறும் சுகாதாரமும்.

இந்தப் பங்கு எல்லா வீட்டுக்கும் ஒன்று என்பதும் இல்லை. 2003-ல் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களின் ஐ.க்யூ. மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். வசதியான குடும்பங்களில் மரபின் பங்கு பெரிதாக இருந்தது. ஏழைக் குடும்பங்களில் பூஜ்யத்தை ஒட்டிவிட்டது. எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தால்தான் விதையின் குணம் தெரியும். காய்ந்த வயலில் நல்ல விதையும் கருகும். அங்கே விதையைக் குறை சொல்வது அநியாயம் இல்லையா?

கொலராடோ குழுவினரே தங்கள் முடிவை 'மாற்ற முடியாதது' என்று படிக்கக் கூடாது என்றுதான் எழுதினார்கள். அதை விட்டுவிட்டு 99-ஐ மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், கற்றுத்தரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள வழி தேடுகிறார்கள். பலியாவது கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை.

அடுத்த முறை யாராவது "எல்லாம் ஜீன்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரை, எந்தச் சூழலில் வைத்து அளந்த எண் அது?