வர்க்கலா குன்று ஏன் சரிகிறது? கடல் மட்டும் காரணம் இல்லை

லாங் வீக்கெண்ட் பிளான் என்றாலே இப்போது அடிபடும் பெயர்களில் ஒன்று வர்க்கலா. செங்குத்தாக நிற்கும் சிவப்புக் குன்று, கீழே பாபநாசம் கடற்கரை, மேலே விளிம்பை ஒட்டி வரிசையாக கஃபேக்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே 40 கி.மீ. சொச்சம் தூரத்தில் இருக்கும் இந்தச் சின்ன நகராட்சியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்தக் குன்றுதான். மழைக்காலம் வந்தால் அது அங்கங்கே சரிகிறது. ஏன்? யாரால் தடுக்க முடியும்?

அப்படி என்ன ஸ்பெஷல்?

தென் கேரளக் கடற்கரை பெரும்பாலும் தட்டையான மணல்தான். வர்க்கலாவில் குன்று நேராகக் கடலோடு மோதுகிறது. பல லட்சம் ஆண்டுகளில் படிந்த அடுக்குகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கேரளக் கடலோரத்தின் ஒரு பாறைத் தொகுதிக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்திய புவியியல் ஆய்வு மையம் இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அங்கீகரித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்த 7 இயற்கைத் தலங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியல் ஒரு வரிசை மட்டுமே. அதில் இருப்பதால் உலகப் பாரம்பரியத் தலம் ஆகிவிடாது.

சரிவது எப்படி?

மேல் அடுக்கு செம்புரைக்கல், அதாவது லேட்டரைட். பார்க்கக் கெட்டி, ஆனால் உள்ளே துளைகள். அதற்குக் கீழே மணற்கல், நடுநடுவே களிமண். மழைநீர் மேலிருந்து இறங்கிக் களிமண்ணில் முட்டுகிறது. கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி, குன்றின் முகப்பில் ஊற்றாகக் கொட்டுகிறது. சுற்றுலாப் பயணிகள் ஆசையாகக் குளிக்கும் ஊற்றும் இதுதான். அதே நீர் களிமண்ணை இளக்குகிறது. பிடிமானம் போனதும் மேலே இருக்கும் பாறை பெயர்ந்து விழுகிறது. அடிவாரத்தை அலை அரிப்பது தனி.

இது இயற்கையாக நடப்பது. மனிதர்கள் சேர்ப்பது என்ன? செப்டிக் டேங்க் கசிவு, சமையலறைக் கழிவுநீர், தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிறகு அக்டோபர், நவம்பர் என்று மழையில் மட்டும் நனைய வேண்டிய குன்றுக்குள் இப்போ வருஷம் முழுக்க நீர் இறங்குகிறது. விளிம்பில் ஏறும் கட்டடங்கள், வாகனங்களின் எடை வேறு.

மூடிவிட்டால் போதாதா?

அவ்வளவு சுலபம் இல்லை. சுற்றுலா சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் பாபநாசத்தில் பெரும் கூட்டம் கூடும் நாள்களில் ஒன்று கர்க்கடக வாவு, நம்ம ஊர் ஆடி அமாவாசை. முன்னோருக்குப் பலி கொடுக்க வருகிறவர்கள் தென்மேற்குப் பருவமழைக்கு நடுவில், குன்று நன்றாக ஊறிப்போயிருக்கும் நேரத்தில், அதன் காலடியில்தான் நிற்கிறார்கள்.

2024-ல் இந்த முரண்பாடு வெடித்தது. பலி மண்டபத்தை ஒட்டிய பகுதி ஆபத்தாக இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவில் குன்றின் ஒரு பகுதியை இயந்திரம் வைத்து இடித்தார்கள். புவியியல் ஆய்வு மையம் எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு பக்கம் மனித உயிர், இன்னொரு பக்கம் திரும்பக் கட்ட முடியாத பாறை. இரண்டு கவலையும் நியாயமானதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை பொருந்தும். அங்கே எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதைத் தூரத்தை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். தட்டையான கடற்கரைக்கு இது சரி. வர்க்கலாவில் கேள்வியே வேறு: தரைக்குள் எவ்வளவு நீர் இறங்குகிறது?

புவியியல் நினைவுச்சின்னங்களைக் காக்கத் தனி மத்தியச் சட்டமும் கிடையாது. 2022 டிசம்பரில் வரைவு மசோதா வெளியானது, அதோடு சரி.

என்னதான் வழி?

குன்றைச் சுவர் கட்டித் தாங்குவதைவிட, மேலே விழும் நீரை விளிம்புக்கு வராமல் திருப்பிவிடுவது முதல் வேலை. முறையான வடிகால், கழிவுநீர் இணைப்பு, விளிம்பில் புதுக் கட்டடம் வேண்டாம், வாகனங்கள் தள்ளி நிற்கட்டும். இதில் செலவும் வருமான இழப்பும் சின்ன கஃபேக்காரர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் தலையில்தான் முதலில் விழும். அவர்களுக்கு மாற்று இடமோ உதவியோ இல்லாமல் விதியை மட்டும் இறுக்கினால் நடக்காது.

பயணிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விளிம்பில் இருக்கும் அறைக்குக் கூடுதல் காசு கொடுக்க நாம் தயாராக இருக்கும்வரை அங்கே அறை கட்ட ஆள் இருப்பார்கள். அடுத்த முறை புக் செய்வதற்கு முன் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மழை நாளில் குன்றின் அடியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.