காற்றும் நெருஞ்சி முள்ளும்

ஒக்கலிபுரத்திலும் அதனை அடுத்த ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, மிதிவண்டி என்பது ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் ஊர்தியாகவே நெடுங்காலம் இருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் தடித்த டயர் பூட்டிய மலைச் சைக்கிளை விரும்புகின்றனர். ஞாயிறு வைகறையில் கனகபுரா சாலையை அடுத்த துரஹள்ளிக் காட்டுப் பக்கமும், ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள நந்திமலைக்கும் கூட்டமாகப் புறப்படுகின்றனர். உடலுக்கும் உள்ளத்துக்கும் நலந்தரும் பழக்கமே இது. ஆனால், வண்டியை வாங்கிக் கொடுப்பதில் காட்டும் அக்கறையை, அதன் சக்கரத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதில் நாம் காட்டுகின்றோமா? இத்திங்கள் அதுபற்றியே சில சொல்லக் கருதுகின்றோம்.

டயரைக் கல்போல இறுக்கிக் காற்றடித்தால்தான் வண்டி உறுதியாக ஓடும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். மெல்லிய டயருக்கும் சீரான தார்ச்சாலைக்கும் அது ஓரளவு பொருந்தும். மலைப்பாதைக்கு முற்றிலும் பொருந்தாது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 கிலோ, அதாவது ஏறத்தாழ 100 பவுண்டு, பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. டயருள் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் இருந்தால், டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 3 சதுர அங்குலம். அதே டயரில் 60 பவுண்டு ஏற்றினால் அப்பரப்பு 1.7 சதுர அங்குலத்துக்குக் குறைந்துவிடும். டயரின் விறைப்பால் இக்கணக்குச் சிறிது மாறலாம், உண்மை மாறாது. கூழாங்கல்லையும் மரவேரையும் தழுவிப் பற்ற வேண்டிய டயர், அவற்றின்மேல் துள்ளித் துள்ளிச் செல்லும். துரஹள்ளியின் பாறைச் சரிவிலோ, மண் சிதறிய வளைவிலோ பிரேக்கைப் பிடிக்கும் பிள்ளைக்கு அத்துள்ளலின் விலை முழங்காலாகவும் இருக்கலாம்; அதனினும் பெரிதாகவும் இருக்கலாம்.

அதற்காகக் காற்றை மிகக் குறைத்துவிடுவதும் தவறே. கல்லில் மோதும்போது டியூப், டயருக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கும். பாம்பின் இரு பற்கள் பதிந்தாற்போல இரண்டு துளைகள் விழும். ரிம்மும் நெளியக்கூடும்.

ஆகவே அளவு எது? முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எல்லைகளைப் படியுங்கள். அவற்றை எக்காரணங்கொண்டும் மீற வேண்டா. அவ்வெல்லைக்குள், டியூப் வைத்த 2 அங்குல டயருக்கு, 60 கிலோ எடையுள்ளவர் காட்டுப்பாதையில் முன்சக்கரத்தில் 30 பவுண்டும் பின்சக்கரத்தில் 33 பவுண்டும் வைத்துத் தொடங்கலாம். தார்ச்சாலையில் நெடுந்தூரம் செல்வதாயின் 40 பவுண்டு வரை ஏற்றலாம். டியூப் இல்லாத அமைப்பாயின் நசுங்க டியூபே இல்லை. ஆதலின் முன்னே 23, பின்னே 26 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். எடை மிக்கவர் சிறிது கூட்டிக்கொள்க. மோட்டார் வாகனங்களுக்கான காற்றுப் பொறியில் கண்ணிமைக்கும் நேரத்தில் அளவு மீறிவிடும். எனவே அளவுமானி பொருத்திய ஒரு கைப்பம்பு வீட்டில் இருப்பது நலம்.

இனி முள்ளின் கதை. வறண்ட மேட்டு நிலங்களில் தரையோடு படரும் நெருஞ்சியை அறியாதவர் நம்மில் யார்? அதன் பழத்தை வள்ளுவரும் காமத்துப்பாலில் எடுத்தாண்டுள்ளார். இதே நெருஞ்சி கடல் கடந்து அமெரிக்காவிலும் பரவியது. அங்குள்ளோர் அதற்குப் ‘பஞ்சர்க் கொடி’ என்ற பொருள்படவே பெயரிட்டிருக்கின்றனர்! இத்தகைய முள்ளுக்கு மாற்றாகத்தான் சீலண்ட் என்னும் அடைப்புத் திரவம் கடைகளில் விற்கப்படுகிறது.

அதில் இருவகை முக்கியமானவை. ஒன்று ரப்பர்ப் பாலால் ஆனது. நம் குமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறினால் வடிகிறதே, அதே பால். முள் குத்தியதும் காற்றோடு பீறிட்டு வெளிவரும் இப்பால், அதில் கலந்துள்ள நுண்துகள்களோடு துளையில் சிக்கி உறைந்து அதனை அடைக்கிறது. டியூப் இல்லாத டயருக்கு இதுவே ஏற்றது. டயர் ஒன்றுக்கு 60 முதல் 120 மில்லி லிட்டர் வரை போதும். ஆனால் சில திங்களில் இது உலர்ந்துவிடும். வெயில் மிகுந்தால் இன்னும் விரைவில் உலரும். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். சலசலப்புக் கேளாவிடில் மீண்டும் ஊற்றுக.

மற்றொன்று கிளைக்காலும் நார்த்துகளும் கலந்த குழம்பு. எளிதில் உலராது, டியூபுக்குள் ஊற்றத் தக்கது. ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. துளை பெரிதாகி ஒட்டுப்போட நேர்ந்தால், கசியும் ஈரத்தில் பஞ்சர் ஒட்டு எளிதில் பிடிக்காது. எவ்வகையாயினும் சிறு முள் துளையை அடைக்குமேயன்றி, கண்ணாடி கிழித்த டயரையோ, நசுங்கிக் கிழிந்த டியூபையோ காப்பாற்றாது.

துகள்கள் புட்டியின் அடியில் தங்குமாதலால் நன்கு குலுக்கியே ஊற்ற வேண்டும். பாலில் அம்மோனியா சேர்ந்திருக்கக்கூடும். காற்றோட்டமுள்ள இடத்தில் கையாளுக. ரப்பர்ப் பால் ஒவ்வாதவர் வீட்டில் இருப்பின் அவ்வகையைத் தவிர்க்க. டியூப் இல்லா முறைக்கென அமையாத ரிம்மில் டியூபை எடுத்துவிட்டுப் பாலை ஊற்றும் சிக்கனம் வேண்டவே வேண்டா. ஓட்டத்தின் நடுவே டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

நாள்தோறும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் செல்லும் வண்டிக்கு இத்திரவமே தேவையில்லை. ஒட்டுப்போடும் பெட்டியும், மாற்று டியூபும், பம்பும் போதும். காட்டுக்குச் செல்லும் பிள்ளைக்கும் முதற்காப்பு சரியான காற்றே. திரவம் அதற்கு அடுத்த துணைதான். பெற்றோர் வாரம் ஒரு முறை பிள்ளையோடு அமர்ந்து, அளவுமானியை அவன் கையிலோ அவள் கையிலோ கொடுத்து, காற்றைச் சரிபார்க்கும் பழக்கத்தை உண்டாக்குவார்களாக. ஐந்து நிமிடத்தில் முடியும் அவ்வேலை, மலைச்சரிவில் நம் பிள்ளைகளைக் காக்கும்.