நொய்யல் கரையில ஒரு கப்பல் கதை

'கோயம்புத்தூர்ல உக்காந்துகிட்டு கப்பல் கதையா?'னு சிரிக்காதீங்க பாஸ். டவுன் பஸ் போற வெள்ளலூர்லதான் 1842-ல ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைச்சுது. சென்னிமலை பக்கம், நொய்யல் கரை கொடுமணல்ல மணி செஞ்ச பட்டறையையும், இரும்பு உருக்குன உலையையும் தோண்டிப் பார்த்துட்டாங்க. மணி போச்சு, காசு வந்துச்சு. ரைட்டு, நடுவுல ஓடின கப்பல் எங்கே?

இந்தியப் பெருங்கடல்ல இதுவரை கிடைச்சதுலயே பழசு, இலங்கையில அம்பாந்தோட்டை பக்கம் கொடவாய கடலுக்குள்ள கிடக்குது. வயசு 2,000-ஐ ஒட்டி! 2003-ல அதை முதல்ல பார்த்தது எந்த ஆராய்ச்சிக் கருவியும் இல்ல. சங்கு குளிக்கப் போன உள்ளூர்க்காரங்க. அவங்க தூக்கிட்டு வந்த அம்மி மாதிரி கல்லுல மீன் உருவம்! அப்புறம்தான் தொல்லியல்காரங்க முங்கினாங்க.

ஆழம் 30 மீட்டருக்கும் மேல. ரொம்ப நேரம் இருந்துட்டு சட்டுனு மேல வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டி ஆளையே முடிச்சிடும். அதனால ஒரு முங்குக்குக் கொஞ்ச நிமிஷ வேலைதான். அப்படி வருஷக்கணக்கா முங்கித்தான் இரும்பு, செம்பு, மணி செய்யுற கண்ணாடிக் கட்டி, கருப்பு-சிவப்புப் பானைன்னு கண்டுபிடிச்சாங்க.

கருப்பு-சிவப்புப் பானை கொடுமணல்லயும் உண்டுங்க. அதுக்காக 'நம்மூரு சரக்கு'னு போஸ்டர் ஒட்டிடாதீங்க. அந்த வகைப் பானை தென்னிந்தியா முழுக்க இருக்கு. ஆனா, ஏதோ ஒரு கப்பல்லதான் வெள்ளலூர்க் காசும் வந்திருக்கணும்.