அழகிய வயல்களும் ஆளில்லா வீடுகளும்



கலண்டர்களிலும் பிஸ்கட் டின்களின் மூடிகளிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சி உண்டு. அலையலையாகச் சரிந்து செல்லும் பச்சைக் குன்றுகள். ஓர் உச்சியில் தனித்து நிற்கும் கல்வீடு. அதற்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் ஈட்டிகளை நட்டு வைத்தாற்போல் உயர்ந்த சைப்பிரஸ் மரங்கள். இது ஓவியனின் கற்பனையல்ல. இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள டஸ்கனி பிராந்தியத்தின் நாட்டுப்புறமே இது. புளோரன்ஸ் நகருக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகளில் பலர் ஒரு நாளை ஒதுக்கி, பஸ்ஸில் இந்தப் பகுதியைச் சுற்றி வருகிறார்கள். இம்மாதம் நாமும் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொள்வோம்.

காலை எட்டு மணியளவில் பஸ் புறப்பட்டுத் தெற்கு நோக்கி விரைகிறது. நாம் செல்லும் பாதைக்கு 'சூரிய நெடுஞ்சாலை' என்று பெயர். வடக்கே மிலான் நகரையும் தெற்கே நேப்பிள்ஸ் நகரையும் இணைக்கும் இது சுமார் 760 கிலோமீற்றர் நீளமானது. 1964 ஒக்டோபர் மாதத்தில் முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது. இந்த ஆண்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் பாதை ஒடுங்கி, வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கமராக்களைக் கையில் எடுக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்கள், ஒலிவ் மரங்கள், கோதுமை வயல்கள் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் வால் டோர்ச்சா. 2004 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. கோட்டையையோ மாளிகையையோ அல்ல, மனிதர் உழுது பயிரிட்டு உருவாக்கிய ஒரு நிலப்பரப்பையே அவ்வாறு கௌரவித்தார்கள். இங்குள்ள அழகு தானாக விளைந்ததன்று.

அப்படியானால் அதை உருவாக்கியவர்கள் யார்? குன்றின் மேலுள்ள அந்தக் கல்வீடுகளில் வாழ்ந்த குடியானவர்கள்தாம். ஆனால் நிலமும் வீடும் அவர்களுக்குச் சொந்தமல்ல. நகரத்திலிருந்த செல்வந்தர்களுக்குச் சொந்தம். விளைச்சலில் ஏறக்குறையப் பாதி உழைத்த குடும்பத்துக்கு, பாதி நிலச்சொந்தக்காரருக்கு. 'மெட்சாட்ரியா' எனப்பட்ட இம்முறை பல நூற்றாண்டுகள் இங்கே நிலைத்திருந்தது. ஒலிவ், திராட்சை, தானியம் எல்லாவற்றையும் ஒரே குடும்பம் ஒரே நிலத்தில் விளைவித்தாக வேண்டும். அதனால்தான் பார்க்குமிடமெல்லாம் பல நிறங்கள் கலந்த சித்திரம்போல் தெரிந்தது.

அந்த வீடு பெரியது. கீழே மாட்டுத்தொழுவம், மேலே சமையலறையும் படுக்கையறைகளும். பெற்றோர், மணமுடித்த ஆண்மக்கள், மருமகள்மார், பேரப்பிள்ளைகள் என எல்லாரும் அதற்குள்தான். வயல் வேலைக்குத் தலைவர் குடும்பத்தின் மூத்த ஆண். வீட்டுக்குத் தலைவி 'மஸ்ஸாயா'. பெரும்பாலும் அவருடைய மனைவி. வாரத்துக்கு ஒரு முறை முழுக் குடும்பத்துக்கும் பாண் சுடுவது, துணிகளைச் சாம்பல் நீரில் வெளுப்பது, கோழிகளையும் முயல்களையும் வளர்ப்பது, அறுவடைக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. முட்டை விற்ற சில்லறைக் காசுதான் அவர் கையில் புழங்கிய பணம். அந்த முட்டையிலும் கோழியிலும் ஒரு பகுதியைப் பண்டிகை நாட்களில் நிலச்சொந்தக்காரரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு திருமணம் செய்வதற்கும் அவருடைய சம்மதம் தேவைப்பட்ட காலம் இருந்தது.

பகல் உணவுக்குப் பஸ் நிற்கிறது. இங்கே 'ரிபொல்லீத்தா' என்றொரு சூப் உண்டு. காய்ந்த பாண், அவரை விதை, கரும்பச்சைக் கோவா இலை ஆகியவற்றைச் சேர்த்து ஆக்குவது. 'மீண்டும் கொதித்தது' என்பது அப்பெயரின் பொருள். முதல்நாள் மிச்சத்தை வீணாக்காமல் மறுநாளும் குடும்பத்தின் வயிற்றை நிரப்பிய சிக்கனமான உணவு இன்று உணவகங்களில் விசேட பதார்த்தமாகிவிட்டது. சிலர் இதில் பன்றி இறைச்சியும் சேர்ப்பதுண்டு. ஆகவே நம்மவர்கள் கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

இனி அந்த 1964 ஆம் ஆண்டுக்கு வருவோம். நெடுஞ்சாலை திறக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், புதிதாக மெட்சாட்ரியா ஒப்பந்தங்கள் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் இத்தாலியில் வந்தது. ஆனால் சட்டம் வருமுன்பே குடும்பங்கள் வெளியேறத் தொடங்கியிருந்தன. பல வீடுகளுக்கு மின்சாரமும் குழாய்நீரும் வந்து சேரவேயில்லை. பிராத்தோ நகரின் நெசவாலைகளிலும் மற்றைய தொழிற்சாலைகளிலும் மாதச் சம்பளம் கிடைத்தது. குடியானவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பெரிய குடும்பத்துக்குள் அடங்கிக் கிடக்க மாட்டோம் என்று இளம் பெண்கள் பலர் மறுத்தார்கள். குன்றுகள் வெறிச்சோடின. கைவிடப்பட்ட நிலங்கள் சிலவற்றுக்கு சார்டீனியாத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் மந்தைகளோடு வந்து குடியேறினார்கள். பியென்சா என்ற சிற்றூரில் நாம் இறங்கி வாங்கும் செம்மறிப் பாற்கட்டியில் அவர்களது உழைப்பும் கலந்திருக்கிறது.

வெறுமையாய்க் கிடந்த வீடுகளைப் பின்னர் வெளிநாட்டவர்களும் நகரவாசிகளும் வாங்கிப் புதுப்பித்தார்கள். விவசாயிகள் தம் வீட்டில் விருந்தினரைக் கட்டணத்துக்குத் தங்கவைப்பதற்கான சட்டம் 1985 இல் வந்தது. மாடுகள் நின்ற தொழுவம் இன்று பல இடங்களில் வரவேற்பறை. மஸ்ஸாயா தண்ணீருக்காகக் குடம் சுமந்த முற்றத்தில் நீச்சல் தடாகம்.

மாலையில் பஸ் சியெனா நகரை அடைகிறது. இங்குள்ள பழைய நகரசபைக் கட்டடத்தின் ஒரு மண்டபச் சுவரில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி என்ற ஓவியர் 1338 இலும் 1339 இலும் தீட்டிய பெரும் ஓவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படியிருக்கும் என்பதே அதன் பொருள். அதில் வருவதும் நாம் பகல் முழுவதும் ஜன்னலால் பார்த்த குன்றுகளைப் போன்றவைதாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஓவியத்தில் வயலெங்கும் மனிதர்கள்: உழுகிறார்கள், கதிரடிக்கிறார்கள், பொதி ஏற்றிய கழுதைகளோடு நகருக்கு வருகிறார்கள். நம் ஜன்னலுக்கு வெளியேயோ எப்போதாவது ஓர் உழவு இயந்திரம்.

இதைக் கண்டு, "அந்தக் கிராம வாழ்க்கை போய்விட்டதே" என்று பயணிகளிற் சிலர் பெருமூச்சு விடுவார்கள். சகோதரிகளே, விட்டுப்போன பெண்களிடம் கேட்டிருந்தால் அவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்களா? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீடும், தம் கைக்கே வரும் சம்பளமும், தம் பிள்ளையின் திருமணத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கு எந்தக் குன்றின் அழகையும்விடப் பெரிதாக இருந்திருக்கும்.

அதற்காக அந்த அழகைப் பார்க்க வேண்டாமென்பதல்ல. தாராளமாகப் பார்ப்போம். பார்க்கும்போது, அந்த வீட்டில் அடுப்பெரித்தவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், அவர் ஏன் போனார் என்றும் கேட்டுக்கொள்வோம். அடுத்த முறை கலண்டரில் அந்தக் கல்வீட்டைக் கண்டால், உங்கள் பிள்ளைகளுக்கு மஸ்ஸாயாவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.